வெறும் மணி

வெறும் மணியின் பக்கம் நரம்பிழைகள் திரும்பியிருக்கவே கூடாது. திரும்பியிருந்தன. அதுவும் கூச்சமே இல்லாமல், கொத்தாக.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்த ஆய்வாளருக்கு அழாத குறை. கோழிக்கருவின் மூளை உருவாகும்போது ஒவ்வொரு நரம்புச் செல்லும் மெல்லிய இழையொன்றை நீட்டுகிறது. எங்கே போவதென்று இழைக்குத் தெரியாது. வேறு சில செல்கள் ஒருவகைச் சமிக்ஞை மூலக்கூறைக் கசியவிடுகின்றன. அந்தச் செல்களுக்குக் கிட்டே போகப் போக அது அடர்த்தியாகும். இழையின் நுனி அதை மோப்பம் பிடித்து அந்தப் பக்கம் திரும்புகிறது. இதைக் காட்டத்தான், ரவையைவிடச் சிறிய மணியை அந்த மூலக்கூறில் ஊறவைத்து ஒரு தட்டில் செல்களுக்கு அருகே வைத்திருந்தாள். இன்னொரு தட்டில் ஊறவைக்காத வெறும் மணி. அதை இழைகள் சட்டை செய்யக் கூடாது.

"என்ன மணியக்கா, மறுபடியும் வெறும் மணிகிட்டயே போய் நிக்குதா?" பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். சர்க்கரையை விட்ட நாள் முதல் எல்லோருக்கும் அவன் 'ஒல்லி'. அந்தச் செய்தி அவன் உடம்புக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை.

"சிரிக்காத ஒல்லி. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா இந்த ஆராய்ச்சியையே மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க மேடம். மூணு வருஷ உழைப்புடா."

"அதுங்களுக்கு வெறும் மணியைத்தான் பிடிச்சிருக்கு போல. பேசாம கட்டி வெச்சிடுங்க."

"வாயை மூடிக்கிட்டு வா. டீ போடறேன்."

தன் கோப்பையில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். அதே கரண்டியால் அவனுடையதையும் ஒரு கலக்கு கலக்கி நீட்டினாள்.

"அக்கா, எனக்குச் சர்க்கரை போட்டீங்களா?"

"ஒரு சிட்டிகைகூட இல்ல."

"இனிக்குதே! சர்க்கரையை விட்டவன் நாக்கை ஏமாத்த முடியாது."

"ஏக்கம்டா உனக்கு," என்றவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். குழிவில் கரையாத சர்க்கரை ஒட்டியிருந்தது. அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

ஊறிய மணிகளை உப்புநீரில் ஒருமுறை அலசித்தான் தட்டில் வைப்பாள். அந்த நீரை வீணாகக் கொட்டுவானேன் என்று, அதே கிண்ணத்தில் வெறும் மணிகளையும் அலசி வந்திருக்கிறாள்! மூலக்கூறைப் பிடித்துவைக்கவென்றே செய்த மணிகள். கிண்ணத்தில் மிஞ்சியதைச் சும்மா விடுமா? இழை நுனிகளுக்கோ அந்தத் துளியே தாராளம்.

"ஒல்லி, என் செல்லெல்லாம் அப்படியே உன் நாக்குடா!"

"திட்டறீங்களா, பாராட்டறீங்களா?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை புதுத் தட்டுகளைப் பார்த்தாள். ஊறிய மணியை நோக்கி இழைகள் வளைந்திருந்தன; வெறும் மணியை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடத்திடம் சொல்ல ஒரே வரிதான் இருந்தது: வெறும் மணிகளைத் தனிக் கிண்ணத்தில், புது உப்புநீரில் அலச வேண்டும்.