கடைசி ஆளுக்கு ஒரு கெடு

தொடை எலும்பு உடைந்து உள்ளே கம்பி வைத்த ஆறாவது வாரம், குழாய்க்காரர் டிவியில் சைக்கிள் பந்தயம் பார்க்க ஆரம்பித்தார். ஆசைப்பட்டு ஒன்றும் இல்லை. ரிமோட் எட்டாத இடத்தில் கிடந்தது. எழுந்து போய் எடுக்கக் கால் இடம் கொடுக்கவில்லை.

"எல்லாம் ஏமாத்து வேலை" என்றார் முதல் நாள். "மலை மேல சைக்கிள்ல ஏறுவானாம். உள்ள எங்கயாவது மோட்டார் ஒளிச்சு வெச்சிருப்பான்."

மூன்றாம் நாளே திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார். முன்னால் போகிறவன் மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சிரித்துக்கொண்டே ஜெயிக்கிற எவனையும் அவர் ஆயுசில் நம்பியதில்லை. அவருடைய ஆள், கடைசியில் வருகிறவன். இரண்டாம் நாள் சறுக்கி விழுந்து, முழங்கையிலும் தொடையிலும் கட்டோடு, பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறவன். 'கட்டுக்காரன்' என்று பேர் வைத்தார். கேமரா அவனை எப்போதாவது ஒரு நொடி காட்டும். அந்த ஒரு நொடிக்காக ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மகள் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுகிற வேலை. வீட்டிலும் அதே புத்திதான். அப்பாவின் ஸ்பானர் பையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு கெடு வைத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை. நாலு மாடி இறங்கி, ஏறி, அரை மணி நேரத்துல வீட்டுக்குள்ள வரணும். வந்தா பை உங்களுக்கு. இல்லேன்னா எடைக்குப் போட்டுடுவேன். தண்ணித் தொட்டியிலேருந்து இன்னொரு தடவை விழுந்தா அள்ளிக்கிட்டு வர எனக்குத் தெம்பு இல்லப்பா."

"என் பையை எடைக்குப் போட நீ யாரு?"

"ஆறு வாரமா உங்களைக் குளிப்பாட்டினவ."

அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை பெரிய மலை. பின்தங்கிய முப்பது பேர் கும்பலாக, ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டு நிதானமாக ஏறி வந்து சேர்ந்தார்கள். நாலு நிமிஷம் கழித்துக் கட்டுக்காரன் தன்னந்தனியாக வந்தான். மகள் போனில் படித்துச் சொன்னாள்.

"குறிச்ச நேரத்துக்குள்ள வரலேன்னா பந்தயத்துலேருந்து நீக்கிடுவாங்களாம். அந்த முப்பது பேரும் லேட்டுதான், ஆனா மன்னிச்சுட்டாங்க. உங்க ஆள் அவுட்டு."

"அதெப்படிடீ? லேட்டுன்னா எல்லாம் லேட்டுதானே?"

"எங்க டிப்போவுலயும் அப்படித்தான். ஒரு பஸ் லேட்டா வந்தா டிரைவர் மேல தப்பு. எல்லா பஸ்ஸும் லேட்டா வந்தா ரோட்டு மேல தப்பு."

"அயோக்கியப் பசங்க!" என்றார் குழாய்க்காரர். மூன்று நாள் அந்த முப்பது பேரையும் வாய் ஓயாமல் திட்டினார். திட்டிக்கொண்டே ஒரு கணக்கும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நிற்க, அவர் கைத்தடியோடு இறங்கினார். திரும்பி ஏறும்போது கூட இரண்டு பேர். மூன்றாம் மாடித் தையல்காரம்மாவுக்கு இளைப்பு. இரண்டாம் மாடிப் பழைய கண்டக்டருக்கு இரண்டு முட்டியும் போச்சு. பஸ்ஸை நிறுத்தக் கத்திக் கத்தி, 'ஹோல்டான்' என்றே அவருக்குப் பேர். இருவரையும் முன்கூட்டியே பேசிக் கீழே உட்கார வைத்திருந்தார்.

"யோவ் குழாய், மெதுவாப் போய்யா. என் முட்டிக்கும் ஒரு வாஷர் போட்டுட்டுப் போ."

"உனக்கு வாஷர் பத்தாது, ஆளையே மாத்தணும். ஏறு."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க, எனக்குச் சிரிச்சா மூச்சு வாங்குது" என்றாள் தையல்காரம்மா.

மேலே மகள் கடிகாரத்தை நீட்டிக் காட்டினாள். "முப்பத்தெட்டு நிமிஷம்."

"மூணு பேரும் லேட்டு. தப்பு எங்க மேல இல்ல, படி மேல. நீ சொன்ன சட்டம்."

அவள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "சரி. இவங்க ரெண்டு பேரும் உங்க கூடத் தொட்டி மேல ஏறப் போறாங்களா?"

"அய்யோ, நான் மாட்டேம்மா" என்றாள் தையல்காரம்மா. ஹோல்டான் கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

குழாய்க்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. யாரை மூன்று நாளாகத் திட்டினாரோ, அந்தக் கும்பலுக்குள்தான் அவரும் வந்து நின்றிருந்தார். கட்டுக்காரன் ஒரு துணையும் தேடவில்லை.

"மறுபடி பாரு நேரத்தை" என்று படிப் பக்கம் திரும்பினார்.

"அப்பா! கால் நடுங்குது பாருங்க. போதும், பையை எடுத்துக்கோங்க."

"பிச்சை போடுறியா? நேரத்தைப் பாருடீன்னா."

ஒவ்வொரு படிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு இறங்கினார். ஏறும்போது வார்த்தை தீர்ந்துபோய், சொன்னதையே திருப்பிச் சொன்னார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஹோல்டான் கை கொடுக்க வந்தார். குழாய்க்காரர் அதைத் தடியால் தட்டிவிட்டார்.

வாசல்படியைத் தாண்டியதும் சுவரில் சாய்ந்து நின்றார். சட்டை பிழிந்தால் வாளி நிறையும்.

"எவ்வளவு?"

மகள் தயங்கினாள். "முப்பது... கிட்டத்தட்ட."

"பொய் சொல்லாதே. டிப்போவுல இப்படித்தான் எழுதுவியா?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணுன்னே எழுது. நாளைக்குச் சாயங்காலம் மறுபடி." தடியைச் சுவரோரம் வைத்துவிட்டு, நாற்காலி வரைக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டே போனார். "பீரோவைப் பூட்டியே வை. திறக்கச் சொல்ற அன்னிக்குத் திற."