பழுக்கக் கூடாத காய்

வாழைக்காயைப் பழுக்க வைக்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு, அதைப் பழுக்காமல் காப்பாற்றுகிற வேலை வந்து வாய்த்தது. அமிர்தலிங்கத்தின் அப்பா திருவையாற்றில் மூட்டக்கடை வைத்திருந்தவர். அறைக்குள் தார்களை அடுக்கி, மூலையில் புகை போட்டு, காற்றுப் புகாமல் கதவை அடைத்து வைப்பார். திறந்தால் சரக்கு மஞ்சளாகிச் சந்தைக்குத் தயாராக இருக்கும். ஆனால் துபாய்க்காரர்கள் கேட்டது பச்சைக்காய். கப்பலேறிக் கடல் தாண்டி அவர்கள் கிடங்குக்குள் போகிறவரை காய் காயாகவே இருக்க வேண்டுமாம்.

அது லேசான காரியமில்லை. ஏற்றுமதிக் கம்பெனி அனுப்பிவைத்த அப்சர் என்கிற இளைஞன் பேக்கிங் கொட்டகையே கதி என்று கிடந்து எல்லோருடைய உயிரையும் வாங்கினான். தாரைத் தரையில் வைக்கக் கூடாது. சீப்பை நகம் படாமல் தூக்க வேண்டும். காயில் ஒரு கீறல் இருந்தாலும் தள்ளுபடி. லாரியில் தாரை எறிந்து எறிந்தே பழகிய ஆட்கள், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி சீப்பைத் தண்ணீரில் அலச வேண்டியிருந்தது. கொட்டகையில் யாரோ சாப்பிட்டுப் போட்ட ஒரு பழத்தோலைப் பார்த்துவிட்டு அப்சர் போட்ட சத்தம் குடமுருட்டி ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டிருக்கும்.

"ஒரு பழம் பக்கத்துல இருந்தா போதும்ணே, மொத்தக் காயும் பழமாத் திரும்பிடும். உங்களுக்குத் தெரியாததா?" என்றான்.

"தெரியாமலா," என்றான் அமிர்தலிங்கம். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எரிச்சலை எல்லாம் அவன் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நெல்லை விட்டுவிட்டு வாழை போடுங்கள் என்று ஊரைக் கூட்டிப் பேசியவன் அவன்தான். முதல் கன்டெய்னர் பச்சையாகப் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுக்க இந்த ஊர்க் காயையே எடுப்பதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. போகாவிட்டால், வயலை மாற்றியவர்கள் எல்லோரும் அவன் வாசலில்தான் வந்து நிற்பார்கள். முதல் ஆளாக நிற்கப் போவது ஞானாம்பாள். ஊரிலேயே அதிகமாக வாழை போட்டிருந்தவள் அவள். கன்டெய்னரில் பாதி அவள் காய்.

ஏற்றுகிற அன்று அப்சர் பேப்பர் வேலையாகத் திருச்சிக்குப் போயிருந்தான். பெட்டிகளை அடுக்கி முடித்து, குளிரூட்டிய கன்டெய்னரின் கதவைச் சாத்தப் போகும் நேரத்தில், ஞானாம்பாள் பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் சாம்பிராணிக் கரண்டியுமாக வந்து நின்றாள்.

"பூஜை போடாம மொத வண்டியை அனுப்புறதா? நல்லா இருக்கே."

"அக்கா, வெளிய நின்னு சூடம் காட்டிடுங்க, போதும்."

"வெளிய காட்டுறது வண்டிக்கு. சரக்கு உள்ளல்ல இருக்கு?"

அவளோடு வாதாடி ஜெயித்தவர்கள் அந்த ஊரில் இல்லை. அதுவும் போக, அமிர்தலிங்கத்துக்கும் உள்ளுக்குள் ஆசைதான். இத்தனை பாடுபட்டுவிட்டுச் சாமியை மட்டும் விரோதித்துக்கொள்வானேன் என்று நினைத்தான். கரண்டியை அவனே வாங்கிக்கொண்டான். தணலில் தேங்காய் நாரைத் திணித்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, பெட்டிகளுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடத்தில் கரண்டியை வைத்துவிட்டு, கதவைப் பாதி சாத்தினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் போடுகிற மாதிரி மணமாகப் புகைந்தது. கரண்டியை வெளியே எடுத்தபோது உள்ளே பெட்டிகளே கண்ணுக்குத் தெரியவில்லை.

டிரைவர் அண்ணாதுரை இருமிக்கொண்டே சொன்னான்: "அண்ணே, கதவக் கொஞ்ச நேரம் தொறந்து வைப்போம். புகை போகட்டும்."

"அது எதுக்குப் போகணும்? சாமி புகை, உள்ளயே இருக்கட்டும். நீ சாத்து."

அண்ணாதுரை சாத்தினான். பூசணிக்காயை உடைத்தார்கள். வண்டி கிளம்பியது.

தூத்துக்குடியில் கப்பல் தாமதமானதால் கன்டெய்னர் துறைமுகத்திலேயே காத்துக் கிடந்தது. ஏற்றுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனைக்காகக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்சர் போன் செய்தான். காய் திரும்பிவிட்டது. அட்டைப்பெட்டிக்குள் எல்லாம் மஞ்சள்.

அமிர்தலிங்கத்துக்குத் தலையில் இடி விழுந்தது. காயில் குற்றமென்றால் ஒப்பந்தம் போய்விடும். குளிரில் குற்றமென்றால் அது கம்பெனி வண்டி, கம்பெனி பொறுப்பு. இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும். குளிரில்தான் குற்றம் என்று அவன் மனதார நம்பினான். நம்பாமல் என்ன செய்வான்? அண்ணாதுரையைக் கொட்டகைக்கு வரவழைத்து, ஊர் பார்க்க வைத்துக் கேட்டான்.

"டீசல மிச்சம் புடிக்க ராத்திரி குளிர் மிஷின நிறுத்துனியா இல்லியா?"

"எம்புள்ள மேல சத்தியமாண்ணே, நிறுத்தல."

"பின்ன தானா பழுத்துச்சா? எங்க வயித்துல அடிச்சிட்டு சத்தியம் வேற பண்றியே, உனக்கு நெஞ்சு வேகுமாடா?"

அண்ணாதுரை பதில் சொல்லாமல் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். பதில் இல்லாததே ஒப்புக்கொண்ட மாதிரி என்று ஞானாம்பாள் தீர்ப்புச் சொன்னாள். கம்பெனிக்கும் அப்படியே போன் போயிற்று.

பழுத்ததைக் கொட்டவா முடியும்? திரும்பி வந்த சரக்கை அமிர்தலிங்கம் தஞ்சாவூருக்கு ஏற்றிக்கொண்டு போனான். அங்கே கமிஷன் கடை வைத்திருந்த நடராசன் அவன் அப்பாவுக்குத் தொழில் பழக்கம். பெட்டியைப் பிரித்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது. ஒரு சீப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனையில் பச்சை இல்லை, காம்பில் கருப்பு இல்லை, எல்லாப் பழமும் ஒரே மஞ்சள்.

"யாருய்யா மூட்டம் போட்டது? நீயா?"

"மூட்டமெல்லாம் போடலண்ணே. டிரைவர் மிஷின நிறுத்திட்டான். சூட்டுல பழுத்துருச்சு."

"யாருகிட்ட சொல்ற? சூட்டுல பழுத்தா ஒண்ணு வெந்து, ஒண்ணு வேகாமல்ல இருக்கும். இது கதவடச்சுப் புகை போட்ட பழம். உங்கப்பா கை அப்படியே உனக்கு வந்திருக்கு. இனிமே என்கிட்டயே கொண்டா."

 சாம்பிராணிக் கரண்டியும், தேங்காய் நாரும், பாதி சாத்திய கதவும் ஒவ்வொன்றாக அமிர்தலிங்கத்தின் கண்முன் வந்து நின்றன. அப்பா அறைக்குள் வைத்ததும் நெருப்பும் நாரும் புகையும்தானே. வேறென்ன வித்தியாசம்? சாம்பிராணி வாசனைதான் வித்தியாசம். இதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அந்த நேரத்தில் புத்தி எங்கே போயிருந்தது என்று தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து ஞானாம்பாள் போனில் கூப்பிட்டாள்.

"தம்பி, சேதி தெரியுமா? அந்த டிரைவர் பயல வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாம். புதன்கிழமை வேற கன்டெய்னர் வருதாம். அப்சர் சொன்னான்."

"ம்."

"என்ன ம்முங்குற? கேளு. போன தடவ வெறும் சாம்பிராணியோட விட்டது பத்தல. அதான் கண்ணு பட்டுருச்சு. ஐயர்கிட்ட பேசிட்டேன். இந்தத் தடவ கன்டெய்னருக்குள்ளயே ஒரு ஹோமம் வச்சிடுவோம்."

"அக்கா, பழுத்தது அந்தப் புகையாலதான்."

"சாமிக்குப் போட்ட புகையில பழுக்குமா? பேசுற பேச்சப் பாரு. ஐயருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு."

அவள் போனை வைத்துவிட்டாள். அமிர்தலிங்கம் கடைக்கு வெளியே வந்து நின்றான். வாயை மூடிக்கொண்டிருந்தால் புதன்கிழமை வண்டி வரும். ஹோமத்தை எப்படியாவது தட்டிக்கழித்துவிடலாம். ஊர் பிழைத்துக்கொள்ளும். அண்ணாதுரைக்கு வேறு வண்டி கிடைக்காமலா போகும்? இப்படியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தான். பிள்ளைமேல் சத்தியம் செய்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றவன் முகம் அந்தக் கணக்கை முடிக்க விடவில்லை. அப்சரைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.



"புகையா? கன்டெய்னருக்குள்ளயா?" என்றான் அப்சர். "அண்ணே, போற ஊர்லெல்லாம் மொதல்ல புகையப் பத்திதான் சொல்லுவேன். உங்க ஊர்ல மட்டும் சொல்லல. மூட்டக்கடைக்காரர் வீடு, அவருக்கே நாம பாடம் எடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். எங்க கம்பெனி சார்கிட்டயும் அதச் சொல்லித்தான் உங்களுக்கு ஆர்டர் வாங்கினேன்."

"டிரைவரத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கச் சொல்லு தம்பி."

"சொல்றேண்ணே. ஆனா புதன்கிழமை வண்டி வராது."

ஊருக்குப் போனால் நடக்கப் போவதை நினைக்கவே அமிர்தலிங்கத்துக்கு அலுப்பாக இருந்தது. உள்ளே நடராசன் பழத்தை ருசி பார்த்துவிட்டு, இன்னொரு வியாபாரியைக் கூப்பிட்டு இவன் கைராசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அமிர்தலிங்கம் அண்ணாதுரைக்குப் போன் போட்டான். இரண்டு தடவை அவன் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தான்.

"அண்ணாதுரை, உன்மேல தப்பில்லடா. நான் போட்ட புகைதான். கம்பெனில சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியும்ணே."

"தெரியுமா? அப்புறம் அன்னைக்கு ஊரே கேக்கும்போது ஏன்டா வாயத் தொறக்கல?"

"கதவத் தொறக்கச் சொன்னதுக்கே சாமி புகைன்னு அதட்டுனீங்க. பழுத்ததும் அதாலதான்னு சொல்லியிருந்தா உங்க ஊரு என்னைய உசுரோட விட்டிருக்குமா?"

"அத ஊர்ல நானே சொல்லிக்கிறேன்டா," என்றான் அமிர்தலிங்கம்.