நெடுந்தூணுக்குப் போன பிடிமண்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகையைப் போட்டுவிட்டு, எடை மெஷினை எட்டிப் பார்க்காமல் வருகிறவள் இல்லை நான். அதனால்தான் விக்ரம் என்ற அதிகாரி அரசாங்க ஜீப்பில் வந்து இறங்கி, "உங்க சாமி மண்ணு ஒரு பிடி வேணும்மா" என்று கும்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

எங்கள் கண்மாய்க்கு அந்தப் பக்கம் தமிழர் நெடுந்தூண் எழும்பிக்கொண்டிருந்தது. உலகத்திலேயே உயரமானது என்று சுவர் சுவராக எழுதிப் போட்டிருந்தார்கள். கட்டி முடிந்தால் மதுரை வில்லாபுரத்து மொட்டை மாடியிலிருந்துகூடத் தெரியுமாம். அதன் அடியில் வைக்கத்தான் சுற்றுப்பட்டு ஊர்க் கோயில்களில் பிடிமண் கேட்டார்கள்.

பிடிமண் என்பது எங்கள் பக்கம் விளையாட்டுக் காரியமில்லை. பிழைக்க வெளியூர் போகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய்த்தான் அங்கே சாமியை உட்கார வைப்பார்கள். மண் போகிற இடத்துக்குச் சாமியும் போகும். கையெழுத்துக் கேட்டால் ஓடி ஒளிகிற எங்கள் ஆட்கள், பிடிமண் என்றதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள்.

எங்கள் சோணைச்சாமி கோயிலுக்கு என் வீட்டுக்காரர் ஜெயபாண்டிதான் பூசாரி. கோயிலை ஒட்டியே எங்கள் மல்லிகைத் தோட்டம். நான் விக்ரமிடம் நேராகவே கேட்டேன்.

"தம்பி, தூணுக்கு ரோடு எந்தப் பக்கமா வருது?"

"அது இன்னும் முடிவாகலம்மா."

"முடிவாகாத ரோட்டுக்கு எங்க வரப்புல எதுக்குச் செவப்புக் கல்லு ஊனிருக்கீக?"

அவர் சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "மேடையில உங்களுக்குத்தாண்ணே முதல் மரியாதை" என்றார். அதோடு இந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலம் அவரை உட்கார வைத்துச் சொன்னேன்.

"எம்புட்டு மரியாதை வேணும்னாலும் வாங்கிக்கங்க. ஆனா கோயில் மண்ணு போகக் கூடாது. கொல்லையில ஒரு பிடி அள்ளிக் கொண்டு போங்க. பாக்க எல்லாம் ஒண்ணுபோலதான் இருக்கும்."

"சாமி காரியத்துல பொய் சொல்லலாமா அன்னம்?"

"பொய் அவுகளுக்குத்தான். சாமிக்கு உண்மை தெரியும்."

கோயில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சரி என்றார். நானே கொல்லை மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து கையில் கொடுத்தேன்.

மண் வைக்கிற விழாவில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். மைக்கில் சொல்ல ஒரு வரியும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "எங்க சோணைச்சாமி இன்னைக்கிலருந்து நெடுந்தூண்ல குடியிருக்காரு" என்று அவர் சொன்னதும் பந்தலே அதிர்ந்தது. பக்கத்து வயல்காரி தங்கப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கொல்லை மண்ணை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்குள் ரோடு முடிவாகிவிட்டது. எட்டுவழிச் சாலை. கோயில், எங்கள் தோட்டம், தங்கப்பொண்ணு வயல் எல்லாம் அதற்குள். சமுதாயக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். எங்களுக்கு இருந்த ஒரே பிடிமானம் கோயில்தான். சாமி இருக்கிற இடத்தை இடிக்க எந்த அதிகாரியும் பயப்படுவான். கோயில் நின்றால் ரோடு விலகும், தோட்டமும் தப்பும்.

தாசில்தார் அதிகம் பேசவில்லை. திரையில் அந்த விழாப் படத்தை ஓட்டினார். என் வீட்டுக்காரர் பரிவட்டத்தோடு அந்த வரியைச் சொன்னார்.

"உங்க பூசாரி வாயால சொன்னது. சாமி அங்க போயாச்சு. இங்க இருக்கிறது வெறும் கட்டடம்" என்றார் தாசில்தார்.

நான் எழுந்தேன். இந்த நாளுக்காகத்தானே அத்தனையும் செய்தேன்.

"அய்யா, எங்க சாமி எங்கயும் போகல. அன்னைக்கு வந்தது எங்க கொல்லை மண்ணு. நாந்தான் முடிஞ்சு குடுத்தேன். எங்க வீட்டுக்காரரையே கேளுங்க."

விக்ரம் முகம் சுண்டிப்போனது. கூட்டம் முழுவதும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அத வழியிலேயே உதறிட்டேன் அன்னம். அப்படியே கோயிலுக்குள்ள போயி, சாமி மண்ணத்தான் எடுத்துட்டுப் போனேன்."

"ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"தமிழ்ச்சனம் மொத்தமும் வந்து கும்புடுற எடம்னாக. அம்புட்டு ஊரு சாமியும் அங்க இருக்கையில, நம்ம சாமி மட்டும் இல்லாமப் போனா நல்லாருக்குமா?"

"அப்புறம் என்னம்மா?" என்றார் தாசில்தார், குரலை உயர்த்தாமல்.

ஊர் கொதித்து எழும், என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கும் என்று நினைத்தேன். முழு வயலையும் ரோட்டுக்குப் பறிகொடுக்கப்போகிற தங்கப்பொண்ணு என் முந்தானையை இழுத்து உட்கார வைத்தாள்.

"நல்லவேளை. தூணுக்கடியில நம்ம சாமி இல்லையோன்னு ஒரு நிமிசம் பதறிப்போனேன்" என்றாள்.

பின்வரிசையில் யாரோ என் வீட்டுக்காரருக்குக் கைதட்டினார்கள். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ரோட்டை எதிர்த்துப் பேசக் கிளம்பி வந்த சனம் அது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கே அழுதால் அதையும் பெருமையில் அழுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அடக்கிக்கொண்டேன்.