சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே

மூன்றாம் தொட்டியில் கிருமிகள் செத்ததற்கு நான்தான் காரணம் என்று எழுதிய தாளை அத்தான் என் முன்னால் வைத்தார். என் அக்கா புருஷன். இந்த ஆலைக்கு மேலாளரும் அவரே.

"நேரத்துக்குத் தீனி போடலைன்னு ஒரே வரி. கையெழுத்துப் போட்டா ஒரு மாச சஸ்பென்ஷனோட போயிடும். கொழுந்தியாளாச்சேன்னு பாக்குறேன்."

"போடலைன்னா?"

"வேலையே போயிடும்."

நிலக்கரித் தூளைத் தண்ணீரில் கலக்கி, அதிலுள்ள கந்தகத்தைக் கிருமிகளுக்குத் தின்னக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. பெற்ற பிள்ளைக்குக்கூட நான் இத்தனை ஒழுங்காகச் சோறு போட்டதில்லை. தொட்டியின் நடுவே துடுப்பு சுற்றும். வேகம் கூடினால் கிருமி நசுங்கிச் சாகும். சுற்றல் போதாவிட்டால் கரி அடியில் படிந்து, அதற்குள் மாட்டியவை காற்றில்லாமல் சாகும். போன மாதம் பெரிய துடுப்பைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டினார்கள். இதன் சுற்றல் போதாது என்று அன்றைக்கே சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"அடியில கரி படிஞ்சிருக்கு" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல அப்படிக் காட்டலையே" என்றார் அத்தானுக்குப் பக்கத்தில் நின்ற இன்ஜினியர்.

கம்ப்யூட்டரா தொட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறது? வந்த கோபத்தில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். தொட்டிச் சுவரை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தேன். தண்ணீர் இருந்தவரை 'ணங்' என்றது. இடுப்பளவுக்கு இறங்கியதும் 'மொத்' என்றது. சத்தம் மாறிய இடத்தையெல்லாம் சாக்பீஸால் இழுத்தபடி ஒரு சுற்று வந்தேன்.

"தண்ணிய வடிச்சுப் பாருங்க. இந்தக் கோடு வரைக்கும் கரி இல்லைன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"அக்காவை நெனச்சுப் பாரு" என்றார் அத்தான் மெதுவாக.

"அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வால்வைத் திறங்க."

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே திருகினார். வடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்தபோது அவர் சிரிப்பு நின்றது. இடுப்பளவுக்குக் கரி கெட்டியாக உட்கார்ந்திருந்தது. டேப்பை விட்டு அளந்தேன். என் கோட்டுக்கும் அதற்கும் ஒரு விரற்கடைதான் வித்தியாசம்.

சற்று நேரத்தில் அத்தான் வேறு தாளோடு வந்தார்.

"யார் தப்பும் இல்லைன்னு மாத்திட்டேன். இப்பவாவது போடு."

"சின்னத் துடுப்பை மாட்டச் சொன்ன உத்தரவுல யார் கையெழுத்து, அத்தான்?"

அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். எடுத்து, யார் தப்பும் இல்லை என்ற வரியை அடித்தேன். துடுப்பை மாற்றியதால் கிருமிகள் செத்தன என்று கீழே எழுதி, தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன்.

"இதுல நீங்க போடுங்க."

அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன்.