குவளைக்குள் விழாத மழை

அன்று இருந்தவர்கள் மூன்று பேர். சுவரோரம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு பிரேமா. அவருக்கு எதிரே, கால் ஆடும் மேசைக்குப் பின்னால் நான், வீரராகவன். வாசலில் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல், பாதி உள்ளே பாதி வெளியே, செங்கல்வராயன். இடம், பழவேற்காடு ஏரிக்கரையில் மீனவர் சங்கத்தின் தகரக் கொட்டகை. வெளியே இருபது தப்படியில் மழைமானி. நேரம் பகல் பன்னிரண்டே முக்கால். வானத்தில் மேகம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரேமா மணவாள நகர்க்காரர். செயற்கைக்கோள்கள் சொல்லும் மழை அளவைச் சரிபார்ப்பது அவர் வேலை. கோள் மழையை நேரே பார்ப்பதில்லை. தரையிலிருந்தும் மேகத்திலிருந்தும் கசிந்து வரும் மைக்ரோவேவ் வெப்பத்தை அளந்து மழையை ஊகிக்கிறது. பழைய கோளின் சென்சாரும் புதிய கோளின் சென்சாரும் ஒரே இடத்தைப் பார்த்து ஒன்றிரண்டு டிகிரி மாற்றிச் சொல்லும். அதைச் சரிசெய்யாமல் இருபது வருஷக் கணக்கை ஒட்டினால், கருவி மாறிய வருஷத்தில் மழையே மாறிப்போனதாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து பறந்தது பதினோரு மாதம். ஒட்டுப்போட வேண்டிய இடம் அதுதான்.

அந்த மாதங்களில் இந்தக் கரையில் நிஜமாக எவ்வளவு பெய்தது என்பதற்கு ஒரே சாட்சி செங்கல்வராயனின் நோட்டு. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, குவளையில் அளந்து எழுதுவார். பதினாலு வருஷமாக எழுதுகிறார். அதைச் சரிபார்த்து, கையெழுத்திட்டு, பெங்களூர் அலுவலகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு.

"அண்ணா, மொத்தம் ஒம்போது நாள்," என்றார் பிரேமா. "ரெண்டு கோளும் உங்க கரைமேல பலத்த மழைன்னு சொல்லுது. நீங்க ரெண்டு நாள்தான் எழுதியிருக்கீங்க. பன்னெண்டு மில்லிமீட்டர், இருபத்தொண்ணு. ரெண்டும் அச்சா பொருந்துது. மீதி ஏழு நாளும் சீரோ."

"சீரோன்னா சீரோதான் மேடம்."

"அந்த ஏழு நாளும் வலை போடப் போயிட்டீங்களா?"

"வலைக்குப் போனாலும் எட்டரைக்குள்ள வந்துருவேன். எம் பொண்டாட்டி, அந்த டப்பாவையே கட்டிக்கினு குடும்பம் நடத்துன்றா. நீங்க இன்னாடான்னா போவலன்றீங்க."

பிரேமா சிரித்துவிட்டார். "கோவப்படாதீங்கண்ணா. ஏழையும் 'அளக்காத நாள்'னு குறிச்சிட்டா போதும். நோட்டு பாஸ் ஆயிடும். அந்த ரெண்டு நல்ல அளவ வெச்சே ஒட்டிடலாம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேனாவை எடுத்தேன்.

செங்கல்வராயன் பெட்டியிலிருந்து எழுந்தார். "சார், எழுதாத. அந்த ரெண்டுதான் பொய்யி."

பிரேமாவின் விரல் கீபோர்டின் மேலேயே நின்றது.

செங்கல்வராயன் சொன்னது இது. முதல் தடவை நடுப்பகலில் இதே கொட்டகைக்குள் வலை பின்னிக்கொண்டிருந்தார். தகரத்தில் நல்ல மழைச் சத்தம். மறுநாள் காலை திறந்தால் மானி காய்ந்து கிடந்தது. ஆடு முட்டிக் கொட்டியிருக்கும், தன்மேல்தான் பழி வரும் என்று பயந்து, சத்தத்தை வைத்து ஒரு அளவு எழுதினார். அடுத்த முறையும் அப்படியே.

"மூணாவது தபா வெளிய வந்து பாத்தேன். மண்ணு நனையல. அன்னிலேர்ந்து குவளையில இருக்கறத மட்டும் எழுதறேன். யார்னா கேட்டா இன்னா சொல்றது? பேஜாரு."

"காதால கேட்டு எழுதின அளவு எப்படிண்ணா கோளோட பொருந்தும்?"

"அத நீங்கதான் படிச்சிருக்கீங்க."

ஒன்று இருபத்துநாலுக்கு அந்தச் சத்தம் வந்தது. முதலில் முறத்திலிருந்து அரிசி சரிந்தது போல. பிறகு அடைமழை. பேச்சு கேட்கவில்லை. பிரேமா துப்பட்டாவை இழுத்து லேப்டாப்பை மூடினார். நான் வாசலுக்குப் போய்க் கையை நீட்டினேன். வெயில்தான் விழுந்தது. மண்ணில் மழைமானியின் நிழல் கத்தியால் வெட்டியது போல இருந்தது. ஏரித் தண்ணீரில் ஒரு பொட்டு இல்லை. நிமிர்ந்து தகரத்தைத் தொட்டேன், சுட்டது. ஆனால் விரலுக்கடியில் அது அதிர்ந்துகொண்டிருந்தது.

செங்கல்வராயன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்று முப்பத்தைந்துக்கு நின்றது. பிரேமா ஓடிப்போய் மானியைத் திறந்தார். உள்ளே தூசியும் ஒரு செத்த எறும்பும்.

"பதினெட்டு," என்றார் செங்கல்வராயன். "மேல ஒரு அரை இருக்கும்."

மறுநாள் காலை பிரேமா போன் செய்தார். "ஒன்னரைக்கு ஒரு கோள் போயிருக்கு. நம்ம கரையில பதினெட்டரை. சுத்துவட்டாரத்துல எங்கயும் இல்ல." பிறகு, "வீரா, ரெண்டு பொய்யின்னு எழுதினா நோட்டையே தள்ளிடுவாங்க. ஒரு பொய் அளவு இருந்தாலும் மொத்தமும் செல்லாது, அதான் விதி. பதினாலு வருஷம். நான் சொன்ன மாதிரியே அனுப்பிடலாம்."

சாயங்காலம் இதைச் சொல்ல ஏரிக்கரைக்குப் போனேன். செங்கல்வராயன் வலையை உதறிக்கொண்டே கேட்டார். "தள்ளினா தள்ளட்டும். ரெண்டு பொய்ய வெச்சிக்கினு ஏழு நெஜத்த பொய்யாக்கினா, நான் போய்ப் பாத்த காலையெல்லாம் எங்க போவும் சார்?"

அன்றே வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு தேதிகளின் அளவுகள் ஊகம், நீக்கவும். ஏழு தேதிகளின் சுழியம் நேரில் அளந்தது; மாற்றக் கூடாது. பின்னிணைப்பாக: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தகரத்தின் சூடு, அதிர்வு, மானியின் நிலை, மூவர் பெயர். மழை பெய்தது என்றோ பெய்யவில்லை என்றோ எழுதவில்லை.

சனிக்கிழமை புதுவாயல் சந்திப்பில் டீக்கடை பெஞ்சில் வைத்து பிரேமா அதை இரண்டு முறை படித்தார். ஒரு சொல்லும் திருத்தாமல் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். கூட வந்திருந்த செங்கல்வராயன் தன் பெயரை முழுசாக, நிறுத்தி நிறுத்தி எழுதினார்.

உறைக்குள் நோட்டை வைத்தேன்.

"ஏழும் சீரோதான போட்டுக்கிற சார்?"

"ஏழும் சீரோதான்."

அவர் பசையைத் தடவி, மடிப்பை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். தபால் நிலையத்தில் எடை போட்டு, முத்திரை குத்தி, பைக்குள் போட்டார்கள்.