மாடி ரூமின் நீள அகலம்

"ரூம் நீள அகலம் என்ன அண்ணாச்சி?" என்று ஏசிக் கடை மைதீன் கேட்டபோது ஆறுமுகநயினாருக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. பத்துக்குப் பதினொன்று. மகள் மீனா சென்னையிலிருந்து போனில் சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்ல வைத்திருந்தாள். ஒரு டன், அஞ்சு ஸ்டார், இன்வெர்ட்டர். மொட்டை மாடி வெயில் நேரே இறங்குவதால் அதற்குக் குறையவும் வேண்டாம், பெருமைக்கு ஆசைப்பட்டுக் கூட்டவும் வேண்டாம். பெரிய மிஷினைச் சின்ன ரூமில் மாட்டினால் சட்டென்று குளிர்ந்து சட்டென்று நின்றுவிடும். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் இருக்காது. சாரல் மாசத்தில் ரூம் நசநசவென்று கிடக்கும், பச்சைப் பிள்ளைக்கு ஆகாது, கரண்டும் தண்டம். இவ்வளவையும் கேட்டு, போன் என்பதையும் மறந்து, மண்டையை மண்டையை ஆட்டிய மனிதர்தான். ஆனால் கடையில் பக்கத்து நாற்காலியில் சம்பந்தி விஸ்வநாதன் உட்கார்ந்திருந்தார்.

"பதினெட்டுக்குப் பதினாறு" என்றார் நயினார்.

சொன்ன மறுநொடியே காது சுட்டது. சர்வேயராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் அவர். வீரகேரளம்புதூர் பக்கம் வயல் வயலாகச் சங்கிலி பிடித்து அளந்தவர். ஒரு அடி கூட்டி எழுதச் சொல்லி வந்த பெரிய மனிதர்களையெல்லாம் வெயிலில் நிற்க வைத்தே திருப்பி அனுப்பியவர் என்று தாலுகா ஆபீஸில் பேர் உண்டு. அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டு ரூமை, ஏசிக் கடையில், ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு கூட்டிச் சொல்கிறார். மைதீன் நல்ல வியாபாரி. அந்த அளவுக்கு, அதுவும் மேல்தளம் என்றால், ரெண்டு டன் இல்லாமல் சரிப்படாது என்று நேர்மையாகச் சொன்னார். விஸ்வநாதனுக்கு அதில் திருப்தி. "போட்டுடுங்க சம்பந்தி, குழந்தை வர்ற ரூம்" என்றார். நாளைக் காலை மாட்டும்போது லாட்ஜிலிருந்து தானும் வந்துவிட்டு அப்புறம் ரயிலேறுவதாகவும், அந்த ரூமை இன்னும் பார்க்கவே இல்லையே என்றும் சேர்த்துக்கொண்டார். நயினார் சிரித்தார். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

இந்தக் கோளாறு இன்று முளைத்ததில்லை. நயினாருக்கு வாய் எப்போதும் வீட்டைவிடப் பெரியது. மீனாவைப் பெண் பார்க்க அவர்கள் வந்தது ஆனி மாசம். மேலகரத்தில் அப்போது சாரல் பிடித்திருந்தது. குற்றாலத்து மலையிலிருந்து இறங்கி வந்த காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கி அடித்தது. சென்னைக்காரர்கள் சொக்கிப் போனார்கள். "எங்களுக்கு என்னத்துக்கு ஏசி? மலைதான் எங்களுக்கு ஏசி" என்று நயினார் அன்று அள்ளி விட்டார். அந்த வேகத்திலேயே, மாடி முழுக்க மகளுக்கென்று ஒரே ரூமாக எடுக்கப்போவதாகவும் சொல்லிவிட்டார். பொய் என்று சொல்ல முடியாது. அன்று அது ஆசையாகத்தான் இருந்தது. நாலு தூணும் எழுப்பினார். பிறகு கல்யாணச் செலவு வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. மாடியில் மீனா படித்துக்கொண்டிருந்த பழைய சின்ன ரூம் அப்படியே நிற்க, பக்கத்தில் தூண்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருவேறிக்கொண்டிருந்தன. மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வந்தபோது, அருவிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்துக் கொடுத்தார். தலை தீபாவளிக்கு மாடியில் பூச்சு வேலை நடப்பதாகச் சொல்லி, கீழ் ஹாலிலேயே படுக்கை போட்டார். ஒரு வாய்ப் பேச்சைக் காப்பாற்ற மனிதன் என்ன பாடெல்லாம் படவேண்டியிருக்கிறது!

இப்போது பிரசவம். வளைகாப்பு சென்னையில் முடிந்துவிட்டது. சித்திரை வெயிலில் மாடி ரூம் அடுப்பாகக் கிடக்கும் என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஏசி மாட்டினதும் அனுப்புகிறோம் என்று பதமாகச் சொல்லி அனுப்பினாள். குலதெய்வத்துக்கு வேண்டுதல் செலுத்த வந்த விஸ்வநாதன், கையோடு கடைக்கும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். தலைப்பிரசவத்துக்குப் பிள்ளை அம்மா வீட்டுக்கு வருவாளா மாட்டாளா என்பதே இப்போது அந்த ரூமில் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி முத்துவடிவு முறத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு டன்னா? அந்த ரூம்புல நீங்களும் நானும் நின்னா மூணாவது ஆளுக்கு எடமில்ல."

அவள் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவர் மைதீனின் நம்பரை எடுத்தார். ஒரு போன்தான். அளவு தப்பாகச் சொல்லிவிட்டேன், மாற்றிக்கொடுங்கள் என்று சொன்னால் ஆயிற்று. ஆனால் அளவு தப்பாகச் சொன்ன சர்வேயர் என்று மைதீன் நினைப்பார். போதாததற்கு, நாளை ஒரு டன் வந்து இறங்கினால் சம்பந்தி ஏன் என்று கேட்பார். நயினார் போனைக் கவிழ்த்து வைத்தார்.

சாயங்காலம் மீனாவே கூப்பிட்டாள். குரலில் களைப்பு இருந்தது. கால் வீங்கியிருக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு, என்ன வாங்கினீர்கள் என்று கேட்டாள்.

"நீ சொன்னதுதான் தாயீ. ஒரு டன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பெற்ற மகளிடமும் சொல்லியாயிற்று.

"அப்ப சரிப்பா" என்று மூச்சு விட்டாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமா ரூமப் பத்திக் கேட்டா பெருசுன்னே சொல்லிருங்க. இங்கன நானும் அப்படித்தான சொல்லிக்கிட்டு இருக்கேன். கல்யாணமான நாள்ல இருந்து."

மகள் அந்த வீட்டில் போய் என்ன சமைத்தாள், யாரோடு பேசினாள் என்றெல்லாம் நயினார் நினைத்துப் பார்த்ததுண்டு. அப்பன் விட்ட அளப்பைத் தூக்கிச் சுமந்துகொண்டு, கேட்பவர்களிடமெல்லாம் அவள் சாதித்துக்கொண்டிருந்திருப்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவரைப் பொய்யர் என்று சொன்னால் துடைத்துக்கொண்டு போய்விடலாம். நாளைக் காலை அந்த ரூம் வாசலில் பொய்யாகப் போவது அவள் வார்த்தை அல்லவா? போனை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

காலையில் பெட்டிகள் வந்து இறங்கின. மாட்ட வந்தவர் பலவேசம் என்று ஒருவர், கடை வேலைக்கு நெடுநாளாக வருபவர். கூட இன்னொரு ஆள். உள்ளே மாட்டுகிற மிஷின் இருந்த நீளப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினார்கள். திருப்பத்தில் பெட்டி சுவரில் இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. பின்னாலேயே விஸ்வநாதன், குளித்துத் திருநீறு பூசி, படிகளைப் பார்த்துப் பார்த்து ஏறினார். நயினார் கடைசியில் வந்தார். தன் வீட்டுப் படி அவருக்கு அன்று ஓயாமல் நீண்டது.

ரூம் கதவைத் திறந்தால் கட்டிலில் முட்டும். கட்டிலைத் தாண்டினால் பீரோ. பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மீனாவின் பழைய மேஜை. மேலே தொட்டிலுக்கென்று முத்துவடிவு முந்தின வாரம் துடைத்துவைத்த கொக்கி. பலவேசம் உள்ளே ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், தோளிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு வெகு சாதாரணமாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, இது சின்ன ரூம்புல்லா. பெரிய ரூம்பு எங்கன இருக்கு?"

விஸ்வநாதன் திரும்பி மொட்டை மாடியைப் பார்த்தார். வெயில் அதற்குள் ஏறியிருந்தது. துருக்கம்பி நீட்டிய நாலு தூண்கள், அவற்றுக்கு நடுவே காயப்போட்ட வத்தல். கொடியில் முத்துவடிவின் சேலை ஒன்று அசையாமல் தொங்கியது. ஆனி மாசத்துக் காற்று எந்தப் பக்கமும் இல்லை.

இப்போதும் ஏதாவது சொல்லலாம். அடுத்த தையில் கட்டப்போகிறோம், அதற்காகத்தான் பெரிதாக வாங்கினேன் என்று சொன்னால் நம்புகிற மாதிரிகூட இருக்கும். வாக்கியம் முழுதாக வாய்க்குள் வந்து நின்றது. நயினார் அதை விழுங்கினார்.

"பெட்டியப் பிரிக்காண்டாம் பலவேசம். இறக்கி வையி" என்றார். பிறகு சம்பந்தி பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெரிய ரூம்புன்னு ஒண்ணு கெடயாது சம்பந்தி. இதுதான். பிள்ள உங்கட்ட பொய் சொல்லல. நான் சொன்னதத்தான் அவ சொன்னா. அவள ஒண்ணும் நெனைச்சுராதீங்க."

விஸ்வநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமா, சங்கடமா என்று நயினாருக்குத் தெரியவில்லை. அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தால்தானே தெரிவதற்கு?

போனில் மைதீன் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. பெட்டி பிரிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். இந்தத் தடவை சரியாக அளந்தே சொல்லிவிடுங்கள், லைனிலேயே இருக்கிறேன் என்றார். நயினார் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். கீழே போய் ஆணியில் மாட்டியிருந்த தன் பழைய சர்வே டேப்பை எடுத்துவந்தார். தோலுறை கிழிந்துபோன, உள்ளங்கை நிறைகிற வட்டச் சுருள். வயல்களை அளந்த டேப். இத்தனை வருஷத்தில் இந்த ரூமுக்குள் அது வந்ததே இல்லை. நுனி வளையத்தைப் பிடித்து இழுத்தவர், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். பலவேசமும் அவர் ஆளும் பெட்டியைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். முத்துவடிவு பாதிப் படியில் காபித் தட்டோடு நின்றுவிட்டாள்.

விஸ்வநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டிலைச் சுற்ற வழியில்லாததால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண்டியிட்டுக் கட்டில்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்.

"எங்க பிடிக்கணும்?" என்று கேட்டார்.

நயினார் காட்டினார். சம்பந்தி குனிந்து வளையத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். டேப் கட்டில் விரிப்பின்மேல் விறைத்து நின்றது.

"சொல்லுங்க அண்ணாச்சி, எழுதிக்கிடுதேன்" என்றது மேஜைமேலிருந்து மைதீன் குரல்.

நயினார் இந்தப் பக்கச் சுவரில் கட்டைவிரலை ஊன்றிக் குனிந்தார். கண்ணாடி கீழேயே இருந்துவிட்டது. எண்ணைப் பார்க்க அவருக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. எட்டு முழம்கூட வெளியே வராத டேப்பின் மிச்சமெல்லாம் அவர் உள்ளங்கையில் சுருண்டு கனத்துக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரோரம் குனிந்தபடியே விஸ்வநாதன் தலையை நிமிர்த்தி, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.