கரப்பானுக்கு முன்பே

இந்த ஊரில் குமட்டல்கூட மரியாதையாகத்தான் வரும். கையை இழுத்துக்கொள்வதிலும் ஒரு 'ங்க' இருக்கும். முதலாண்டுப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தபடி இளவேனில் இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் சிரித்தது. அந்தப் பெண் ஊசி போட்டுக்கொள்ள வந்தவளைப்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மருதாணி விரல்களை விறைப்பாக நீட்டியிருந்தாள். டம்ளரை மூடியிருந்த துணியை இன்னும் எடுக்கவேயில்லை. அதற்குள் அவள் நாடி, பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவளுடையதைப்போல அடித்தது.

"பயமா இருக்குதா கண்ணு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அக்கா."

துணியை எடுத்தாள். கண்ணாடி டம்ளர் தண்ணீரில், விலங்கியல் துறையில் கேட்டு வாங்கிய செத்த கரப்பான் மல்லாந்து மிதந்தது. பார்மலின் வாடை எழுந்தது. அந்தப் பெண் "ஐயே" என்று எச்சில் விழுங்கினாள். இளவேனில் மறுபடி எண்ணினாள். முன்பே ஏறியிருந்த நாடி அதே எண்ணிலேயே நின்றது. கையை விட்டதும் அந்தப் பெண் மணிக்கட்டைத் தாவணியில் துடைத்தாள். துடைப்பதைத் தானே கவனித்துவிட்டு, "வேர்த்துப்போச்சுங்க அக்கா" என்றாள். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் இளவேனிலின் தொண்டைக்குள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

முதுகலை உளவியல் கடைசி வருடத்தில் இரண்டு பேராகச் சேர்ந்து ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அவளுக்குக் கூட்டு பத்மாவதி. தலைப்பும் பத்மாவதியுடையதுதான். சூரத்தில் பிளேக் வந்து, செய்தித்தாள் முழுக்க மூக்கில் கைக்குட்டை கட்டிய முகங்களாக இருந்த சமயம் அது. "அருவருப்பை அளந்து பாத்தா என்ன?" என்றாள். வாய் சொல்கிற அருவருப்பும் உடம்பு காட்டுகிற அருவருப்பும் சேர்ந்தே ஏறுகின்றனவா என்பதுதான் கேள்வி. முதலில் ஒரு வினாத்தாள். சோற்றில் முடி கிடந்தால், அடுத்தவர் குடித்த டம்ளரில் குடிக்க நேர்ந்தால், எவ்வளவு அருவருப்பாக இருக்கும்? பிறகு நாடி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவை, கரப்பானைக் காட்டி ஒரு தடவை. வினாத்தாளில் அதிகம் அருவருப்பவளுக்கு நாடியும் அதிகம் ஏற வேண்டும். துறையில் இருந்த கருவி எப்போதோ கெட்டுப்போயிருந்ததால் விரலையும் ஸ்டாப் வாட்ச்சையும் நம்பினார்கள். விடுதிப் பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அதற்கு முன் பல நாட்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பழகினார்கள். ஒரே மணிக்கட்டில் யார் எண்ணினாலும் ஒரே எண் வரும்வரை விடவில்லை. பத்மாவதியின் நாடி நிதானமானது. கையைக் கொடுத்துவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் பார்த்த பட்டுப்புடவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கை தன்னுடையது என்பதையே மறந்துவிடுவாள்.

"என்ன அம்மணி, உசுரு இருக்குதா எனக்கு?"

"கொஞ்சம் இருக்குது. பரீட்சை வரைக்கும் தாங்கும்."

"அது போதும் உடு. ரிசல்ட்டப் பாத்துட்டு வேற போவோணுமா?"

எல்லாம் முடிந்து வரைபடத் தாளில் புள்ளி வைத்தபோதுதான் தெரிந்தது. பத்மாவதி எடுத்த பெண்கள் நீலம். அவை இடமிருந்து வலமாக, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே மேலேறின. இளவேனில் எடுத்தவர்கள் சிவப்பு. அவை கைதவறிக் கொட்டிய கடுகாகக் கீழே இறைந்து கிடந்தன. வினாத்தாளில் என்ன சொல்லியிருந்தாலும், கரப்பானைப் பார்த்து அவர்கள் யாருக்கும் நாடி ஏறவில்லை. ஏற வேண்டியது கரப்பானுக்கு முன்பே ஏறிவிட்டிருந்தது.

"நீ அமுத்திப் புடிக்கறயோ என்னமோ" என்றாள் பத்மாவதி. "ஆளை மாத்திப் பாக்கலாம் வா."

சில பெண்களை மறுபடி கூப்பிட்டார்கள். பத்மாவதி பிடித்தபோது நாடி அடங்கி நடந்தது. அதே கையை இளவேனில் வாங்கியதும் ஓடியது. முதலில் இளவேனில், பிறகு பத்மாவதி என்று மாற்றிப் பிடித்தாலும் இவளிடம் ஓடியது, அவளிடம் அடங்கியது. இரண்டாவது பெண்ணோடு பத்மாவதியின் கேலி நின்றது. அதன்பின் ஸ்டாப் வாட்ச்சின் கண்ணாடியை முந்தானையால் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என்னவென்று இருவருக்கும் புரிந்தது. ஒவ்வொரு வருடமும் அலுவலக எழுத்தர் வகுப்பு வாசலில் வந்து நின்று, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைங்கெல்லாம் கொஞ்சம் எந்திரிங்கம்மா" என்பார். எழுந்து நின்றவள் யார் என்பது விடுதிக்குப் போய்ச் சேர ஒரு சாயங்காலம் போதும். ஆனால் இளவேனிலைக் குமட்ட வைத்தது அதுவுமில்லை. அடுத்தவர் குடித்த டம்ளர் பற்றிய கேள்விக்கு, அவள் கையிலிருந்து வினாத்தாளை வாங்கிய பெண்கள் அத்தனை பேரும் 'கொஞ்சமும் இல்லை' என்று குறித்திருந்தார்கள். பத்மாவதியிடம் வாங்கியவர்கள் தாராளமாக அருவருத்திருந்தார்கள். இவள் மனசு நோகக் கூடாதாம்.

வீடு இருக்கும் கணபதிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தாள். பார்மலினும் யார் யாருடையதோ பவுடரும் வேர்வையும் சேர்ந்து நாறின. வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கழுவினாள். வாடை போகவில்லை. மறுபடி கழுவினாள்.

"எத்தன வாட்டி கழுவுவ? தோலு உரிஞ்சுபோகப்போவுது" என்றாள் அம்மா பழனியாத்தாள்.

தாவணியில் துடைத்தவளைப்போலவே தானும் துடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது உறைத்தது. எதைத் துடைக்கிறோம்? அவர்களுடைய வேர்வையையா, அவர்கள் தன்மேல் பார்த்த ஒன்றையா?

வழிகாட்டிப் பேராசிரியர் கோவிந்தராஜுலு டீயில் வர்க்கியை நனைத்தபடி வரைபடத்தைப் பார்த்தார். ஊறிய துகள்கள் மீசையில் ஒட்டியிருந்தன. அவர் கெட்டவரில்லை. மாணவிகள் யாரையும் அதட்டியதில்லை. இருவரையும் உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"நீலம் அருமையா வந்திருக்குது. செவப்புதாம்மா கெடுக்குது. அதை எடுத்துப்போட்டுக் கணக்குப் போடுங்க. கடைசில, ஆய்வின் குறைபாடுகள்னு ஒரு பகுதி வருமல்ல, அதுல ஒரே வரி. 'இரண்டாவது ஆய்வாளரின் அனுபவக் குறைவால் அவர் எடுத்த அளவுகள் நீக்கப்பட்டன.' இளவேனில், நீயே உங்கையால எழுதிக் குடுத்துரு. நாளைக்குக் காந்திபுரத்துக்கு டைப்புக்குப் போகோணும்."

"நாங்க ஆளை மாத்தியும் எடுத்துப் பாத்தமுங்க சார். எண்ணினதுல தப்பில்லீங்க. யாரு கையப் புடிக்கறாங்களோ அதுக்குத் தக்கன மாறுது. அதையே எழுதலாமுங்களே."

அவர் வரைபடத்தை மெதுவாகக் குப்புறக் கவிழ்த்தார்.

"எழுதி? எதனாலன்னு சொல்லுவ? ரெண்டு விஷயம் சேந்து போனா ஒண்ணுக்கு இன்னொண்ணு காரணமாயிராது. மொத வகுப்புலயே நடத்தினனா இல்லியா? நல்ல பிள்ளைங்க அதுக, எதுக்கு அதுக மனசை நோகடிக்கோணும்? எம்.பில். சீட்டுக்கு உன்னைப் பத்தி நாந்தான எழுதிக் குடுக்கோணும். நல்லபடியா எழுதறேன். உனக்கு நல்லதுக்குத்தாஞ் சொல்றேன்."

எம்.பில். அவள் வீட்டில் அந்தச் சொல்லை அப்பா காளிச்சாமி பட்டறையிலிருந்து திரும்பிய பிறகு, ருசி பார்ப்பதுபோல ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார். அதை நினைத்துக்கொண்டே இளவேனில் வாயைத் திறந்தாள்.

"காரணஞ் சொல்லக் கூடாதுங்க சார். சரிதானுங்க. அப்ப இந்த வரில மட்டும் அனுபவக் குறைவுன்னு காரணம் வருதுங்களே?"

பேராசிரியர் சிரித்தார். "நல்லாத்தான் பேசக் கத்துக்கிட்ட." வர்க்கி முறிந்து டீக்குள் விழுந்தது. விரலை விட்டு அந்தக் கூழைத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அதே விரலால் வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். தாளின் ஓரத்தில் ஈரமாக ஒரு கைரேகை விழுந்தது. "எழுதும்மா கண்ணு."

இளவேனில் அந்தக் கறையில் படாமல் தாளைத் தொட முடியுமா என்று பார்த்தாள். மேசைமேல் அவள் பேனா மூடி திறந்தே கிடந்தது.

மேசைக்கடியில் பத்மாவதி அவள் கையைப் பிடித்தாள். "எழுதிப்போடு கண்ணு" என்று காதோரம் முணுமுணுத்தாள். "ஒரு வரிதான. எனக்காகவாச்சும்."

பழகிய பழக்கத்தில் இளவேனிலின் விரல்கள் திரும்பி, பத்மாவதியின் மணிக்கட்டு உட்புறத்தில் போய் நின்றன. எப்போதும் நிதானமாக நடக்கிற நாடி ஓடிக்கொண்டிருந்தது. மதிப்பெண்ணை நினைத்த பயமாக இருக்கலாம். வெட்கமாக இருக்கலாம். எண்ணிப் பார்க்க எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. இளவேனில் அதைப் பார்க்கவில்லை.

இன்னொரு கையால் பேனாவை மூடினாள்.

"அந்த வரி எனக்கு வராதுங்க சார்."

மின்விசிறிக் காற்றில் தாள் எழுந்து எழுந்து படிந்தது. பத்மாவதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. இளவேனிலின் விரல்களுக்குக் கீழே அந்த நாடி அடித்துக்கொண்டேயிருந்தது.